திறந்தவெளியில் தக்காளி: கோல் ஊன்றுவது முதல் பூச்சியைச் சமாளிப்பது வரை

தக்காளி வளர்க்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறோம். செடி நன்றாக எழும், பூ விடும், அப்புறம் ஒரு வாரத்தில் இலை சுருண்டு, அடியில் ஏதோ ஊர்ந்து, தண்டு மண்ணில் சாய்ந்துவிடும். உடனே "எதை அடிக்கலாம்?" என்று தேடுவோம். ஆளுக்கொரு கரைசல் சொல்வார்கள். எதை, எப்போது, எவ்வளவு என்பது மட்டும் தெளிவாகக் கிடைக்காது.

அதனால் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கோல் ஊன்றுவது ஒரு வேலை, பூச்சி விரட்டுவது இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்க்காதீர்கள். தரையில் படர்ந்து கிடக்கும் செடியின் இலை அடிப்பக்கத்தைப் பார்க்கவும் முடியாது, அங்கே கரைசல் போய்ச் சேரவும் சேராது. தக்காளியைத் தாக்கும் சின்னப் பூச்சிகளில் முக்கால்வாசி அந்த அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. மிளகாய், கத்தரிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. விதை வாங்கும்போதே எந்த வகை என்று கேளுங்கள்

தக்காளியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மூன்று நான்கு அடியில் வளர்ச்சி நின்று, காய்களை ஏறக்குறைய ஒரே சமயத்தில் தரும் குட்டைச் செடி வகை. மற்றது, நுனி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் கொடி வகை. விதை உறையில் இது அச்சிடப்பட்டிருக்கும். இல்லையென்றால் விற்பவரிடம் கேட்டு, உறையின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். கோலின் நீளம், கிளை கிள்ளுவதா வேண்டாமா, செடிக்குச் செடி இடைவெளி எல்லாமே இதை வைத்துத்தான்.

வைரஸ், நூற்புழு (மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழு) ஆகியவற்றைத் தாங்கும் தன்மை உள்ள ரகமா என்பதையும் உறையில் பாருங்கள். உங்கள் பகுதியில் இலைச்சுருட்டு வைரஸ் அடிக்கடி வருமென்றால், தாங்கும் ரகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. பின்னால் எந்தக் கரைசலாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

2. எதற்குச் செலவழிப்பது, எதைத் தள்ளிப்போடுவது

புதிதாகத் தொடங்குபவர்கள் மருந்துப் புட்டிகளை முதலில் வாங்கிவிட்டு, கோலுக்குக் கையில் கிடைத்த குச்சியைத் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

முதல் செலவு கோல். கொடி வகைக்கு ஆறு முதல் எட்டு அடி, குட்டை வகைக்கு நான்கு அடி. கட்டைவிரல் பருமனுக்குக் குறைந்தால் காய் பிடித்ததும் வளைந்துவிடும். மூங்கில் மலிவு, ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பகுதி சில பருவங்களில் மக்கிவிடும். பிளாஸ்டிக் பூசிய இரும்புக் கோல் விலை கூடுதல், ஆனால் பல வருடம் உழைக்கும்.

இரண்டாவது, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சின்ன லென்ஸ். சிலந்திப்பேன் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். லென்ஸ் இல்லாமல் அதைத் தூசி என்று நினைத்துவிடுவோம். இந்த வேலையில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைக்கும் பொருள் இதுதான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, அழுத்தம் கொடுத்து அடிக்கும் ஒரு லிட்டர் அல்லது இரண்டு லிட்டர் கைத்தெளிப்பான். அதன் முனை மேல்நோக்கித் திரும்புமா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். திரும்பாவிட்டால் இலையின் அடியில் அடிக்க முடியாது.

வேப்பெண்ணெய், சோப்பு, பி.டி. (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) ஆகியவற்றைப் பூச்சி வருவதற்கு முன்பே வாங்கிக் குவிக்க வேண்டாம். இவற்றுக்குக் காலாவதி உண்டு, வெயிலில் வைத்தால் அதற்கு முன்பே வீரியம் குறையும். அடுத்த ஊரிலிருந்து வரவழைக்க வேண்டிய நிலை என்றால் மட்டும் சின்னப் புட்டி ஒன்று கையில் இருக்கட்டும்.

3. நாற்றுப் பருவத்தில் வலை

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் இளம் நாற்றுக்கு வந்தால் அந்தச் செடி கிட்டத்தட்ட காயே தராது. நாற்றங்காலை மெல்லிய நைலான் வலையால் முழுதாக மூடுங்கள். கொசுவலை போதாது, வெள்ளை ஈ அதில் நுழைந்துவிடும். ஒரு அங்குலத்துக்கு 40 முதல் 50 கண் உள்ள வலை வேண்டும். ஓரங்களை மண்ணில் புதைக்காமல் விட்டால் வலை போட்டதே வீண்.

நாற்றை வெளியிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால், ஒவ்வொன்றாக இலையைத் திருப்பி லென்ஸில் பார்த்துவிட்டு வாங்குங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

4. நடும் நாளே கோல் ஊன்றுங்கள்

"செடி வளரட்டும், அப்புறம் ஊன்றிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். நான்கு வாரம் கழித்துக் கோலை அடிக்கும்போது பரவிய வேர்கள் அறுபடும். அந்தக் காயங்கள் வழியாக மண்ணில் உள்ள நோய்க்கிருமிகள் உள்ளே போகும்.

தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்று அதிகம் வரும் பக்கத்தில் கோலை ஊன்றுங்கள். அப்போது காற்று செடியைக் கோலுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும், தண்டு கோலில் மோதி உராயாது. மண்ணுக்குள் குறைந்தது ஒன்றேகால் அடி போகட்டும். கையால் ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தொட்டி மண்ணில் ஒற்றைக் கோல் பிடிப்பாக நிற்காது. தொட்டியின் ஓரமாக மூன்று கோல்களை ஊன்றி உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள், அல்லது கோலின் மேல்முனையைச் சுவரிலோ கைப்பிடிக் கம்பியிலோ இணைத்துவிடுங்கள். தொட்டியே சாயுமளவு காற்றடிக்கும் இடமென்றால் இரண்டாவது வழிதான் நம்பகமானது.

வரிசையாகப் பத்துப் பதினைந்து செடி வைக்கிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் கோல் தேவையில்லை. இரண்டு செடிக்கு ஒரு கோல் ஊன்றி, வரிசையின் ஒரு பக்கமாகக் கயிற்றைக் கொண்டுபோய், ஒவ்வொரு கோலிலும் ஒரு சுற்று சுற்றி, மறுபக்கமாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். செடிகள் இரு கயிறுகளுக்கு நடுவே நிற்கும். செடி ஒரு அடி உயர்ந்ததும் முதல் கயிறு, அப்புறம் ஒவ்வொரு ஒரு சாண் உயரத்துக்கும் ஒன்று. முனைக் கோல்கள் இரண்டையும் சாய்த்து ஊன்றினால் கயிறு தொய்யாது. குட்டை வகைக்கு இது மிகவும் ஏற்றது.

கம்பி வலைக் கூண்டும் நல்ல வழி. ஒன்றரை மீட்டர் நீள வலையை வளைத்தால் ஏறக்குறைய அரை மீட்டர் விட்டமுள்ள கூண்டு கிடைக்கும். கை நுழைந்து காயோடு வெளியே வருமளவு பெரிய கண் உள்ள வலையாக வாங்குங்கள். சின்னக் கண் வலையில் பழம் சிக்கிக்கொண்டு நசுங்கும். கூண்டையும் ஒரு கோலோடு சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காய்ப் பாரத்தோடு கூண்டும் சேர்ந்து விழும்.

5. கட்டுவதில்தான் தண்டு பிழைக்கிறது

பழைய பருத்தித் துணியைக் கிழித்த பட்டையோ பருமனான சணல் கயிறோ போதும். மெல்லிய நைலான் நூல், வெறும் கம்பி இரண்டும் வேண்டாம், தண்டை அறுத்துவிடும்.

முதலில் கயிற்றைக் கோலில் இறுக்கமாக ஒரு முடிச்சுப் போடுங்கள். பிறகு கோலுக்கும் தண்டுக்கும் நடுவில் கயிறு ஒருமுறை குறுக்கே மாறி வரும்படி எட்டு வடிவில் தண்டைச் சுற்றி முடியுங்கள். கோல் பக்கம் இறுக்கமாகவும் தண்டுப் பக்கம் ஒரு விரல் நுழையும்படியும் இருக்கட்டும். தண்டு பருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கட்டும் இடம் இலைக்காம்புக்குச் சற்றுக் கீழே இருந்தால் கயிறு சறுக்காது. பூங்கொத்துக்கு நேர் கீழே கட்டினால் காய் பருக்கும்போது கயிறு கொத்தில் ஏறி அதை ஒடித்துவிடும். கொடி வகைக்கு வாரம் ஒருமுறை புதிய கட்டு தேவைப்படும். மாலையில் கட்டுங்கள். விடிகாலையில் தண்டு நீரால் விறைத்திருக்கும், வளைத்தால் பட்டென்று ஒடியும்.

6. கீழ் இலையும் பக்கக் கிளையும்

செடி மூன்றடி வந்ததும், தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை உள்ள இலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பறிக்க வேண்டாம். மழையோ பாய்ச்சும் நீரோ மண்ணைத் தெறிக்க வைக்கும்போது இலைக்கருகல் பூஞ்சை அந்தக் கீழ் இலைகளில்தான் முதலில் ஒட்டும். இலை எடுத்த இடத்தில் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குக் காய்ந்த சருகு, வைக்கோல் என மூடாக்குப் போட்டால் தெறிப்பது நிற்கும். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும்.

கொடி வகையில் இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் முளைக்கும் பக்கக் கிளைகளை விரல் நீளம் வருவதற்குள் கிள்ளிவிடுங்கள். ஒன்றிரண்டு தண்டு மட்டும் போதும். குட்டை வகையில் இதைச் செய்யாதீர்கள், கிள்ளுவது உங்கள் மகசூலைத்தான்.

புகையிலை கையாண்ட கையோடு செடியைத் தொட வேண்டாம். புகையிலைத் தேமல் வைரஸ் பீடி, சிகரெட் தூளிலிருந்துகூடக் கை வழியாகத் தக்காளிக்கு வரும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

7. வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு செடிக்கு ஐந்தாறு இலை போதும். மேலே, நடுவில், கீழே என்று கலந்து பாருங்கள்.

இளம் குருத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ கும்பலாக இருந்தால் அசுவினி. எறும்பு வரிசை செடியில் ஏறுகிறதென்றால், அசுவினியோ மாவுப்பூச்சியோ எங்கோ இருக்கிறது என்று பொருள். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது. செடியை அசைத்ததும் வெள்ளையாகப் பறந்து திரும்ப வந்து அமர்ந்தால் வெள்ளை ஈ. இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் சிலந்திப்பேன். இது வெப்பமும் வறட்சியும் கூடும்போது வெடித்துப் பரவும், அந்தச் சூட்டில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக ஒரு வாரம் போதும். இலையில் வெள்ளிப் பூச்சாக மினுங்கும் தழும்பும் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் இலைப்பேன். இலைக்குள் கோலம் போட்டதுபோல வளைந்து போகும் வெள்ளைக் கோடு இலைத்துளைப்பான். காயில் வட்டத் துளையும் அதன் வாயில் கழிவும் இருந்தால் காய்ப்புழு.

பூச்சியே இல்லாமல் பூச்சிபோலத் தெரியும் விஷயங்களும் உண்டு. கடும் வெயிலில் கீழ் இலைகள் மேல்நோக்கிச் சுருள்வது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. வைரஸ் என்றால் நுனியில் வரும் புதிய இலைகள் சிறுத்து, மஞ்சளித்து, கிண்ணம்போலச் சுருளும். காயின் அடி கறுத்துத் தோல்போல அமுங்குவதும் பூச்சி வேலை இல்லை, தண்ணீர் ஒருநாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் கிடைப்பதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத குறை. இதற்கெல்லாம் வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் நிறைய.

8. நல்ல பூச்சியைக் கொன்றுவிடாதீர்கள்

பொறிவண்டு எல்லோருக்கும் தெரியும். அதன் புழு யாருக்கும் தெரியாது: கறுப்பு உடல், ஆரஞ்சுப் புள்ளி, குட்டி முதலை மாதிரி முள்முள்ளாக இருக்கும். பார்த்ததும் நசுக்கத் தோன்றும். அசுவினியை வேகமாகத் தின்று தீர்ப்பது அதுதான். மெல்லிய நூலின் நுனியில் தனித்தனியாக நிற்கும் முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை, தொடாதீர்கள். உப்பிப்போய் பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகள் ஏற்கெனவே ஒட்டுண்ணிக் குளவியிடம் சிக்கியவை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குட்டிக் குளவி வரும்.

இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் தெளிப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பாதிக்கு மேல் வேலை தானாகவே முடிந்துவிடும். கொத்தமல்லி, சோம்பு போன்றவற்றைச் சில செடிகள் பூக்க விட்டால் இந்தப் பூச்சிகள் தேனுக்காக வந்து தங்கும்.

செண்டுமல்லி பற்றி ஒரு வார்த்தை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அந்தப் பூவில் முட்டையிட விரும்பும், ஆகவே தக்காளிக்கு முன்பே விதைத்து, பூக்கும் சமயம் ஒத்து வந்தால் அது நல்ல பொறி. ஆனால் ஓரத்தில் ஒரு செடி வைத்ததும் வேரில் உள்ள நூற்புழு ஓடிவிடும் என்பது நடக்காது. அதற்கு அந்த இடத்தில் இரண்டு மாதமாவது நெருக்கமாகச் செண்டுமல்லி மட்டும் வளர்ந்திருக்க வேண்டும்.

9. கரைசலுக்கு முன் கையும் தண்ணீரும்

அசுவினிக்கும் ஆரம்பநிலைச் சிலந்திப்பேனுக்கும் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாலே போதும். கீழே விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. காலையில் செய்யுங்கள், வெயிலில் இலை காய்ந்துவிடும். கட்டாமல் விட்ட செடியில் இதைச் செய்தால் கிளை ஒடியும். கோல் முக்கியம் என்று நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்பது அப்போது புரியும்.

காய்ப்புழுவைக் கையால் எடுங்கள், துளை விழுந்த காயைப் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே அழியுங்கள். எறும்பு ஏறும் தண்டில் துணிப்பட்டை சுற்றி அதன்மேல் பசை தடவலாம், தண்டில் நேரடியாகத் தடவ வேண்டாம். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றிரண்டு போதும். என்ன வருகிறது என்று காட்டுவதற்கு அது, ஒழிப்பதற்கு இல்லை. நிறையக் கட்டினால் நல்ல பூச்சியும் ஒட்டும்.

தழைச்சத்து உரத்தைக் குறைத்துப் பாருங்கள். கரும்பச்சையில் கொழுத்து நிற்கும் மென்குருத்து அசுவினிக்கு மிகவும் பிடிக்கும்.

10. தெளிக்கத்தான் வேண்டுமென்றால்

சோப்புக் கரைசல் மென்மையான உடல் கொண்ட பூச்சிகளுக்கு: அசுவினி, வெள்ளை ஈயின் குஞ்சு, சிலந்திப்பேன். தோட்டத்துக்கென்று விற்கும் பொட்டாசியம் சோப்பு வாங்குங்கள், பொதுவாக லிட்டருக்கு 10 முதல் 20 மில்லி. பாத்திரம் கழுவும் திரவமும் துணி சோப்புத் தூளும் இலையைக் கருக்கும். ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும், பூச்சியின் மேல் படாவிட்டால் பயனே இல்லை. உப்புத் தண்ணீரில் கலந்தால் திரிந்துவிடும், மழைநீர் நல்லது.

வேப்பெண்ணெய் உடனே கொல்லாது. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுத்து, தோலுரிப்பதைத் தடுக்கிறது. மறுநாள் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டுவதுதான் இதில் எல்லோரும் விழும் பள்ளம். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், 2 மில்லி சோப்பு என்று தொடங்கலாம். முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் சோப்பைக் கரைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பால்போல ஆனதும் மீதி நீரைச் சேருங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் தெளிக்கக் கூடாது. அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்க முடியாது. வேப்பங்கொட்டை கிடைக்குமென்றால், லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டிய கரைசலும் நன்றாகவே வேலை செய்யும்.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. லேபிளில் குர்ஸ்டாகி என்ற உட்பிரிவைப் போட்டிருப்பது புழுவுக்கு மட்டும், அசுவினிக்கோ வெள்ளை ஈக்கோ ஒன்றும் செய்யாது. புழு அதைத் தின்ன வேண்டும், தின்ற சில மணி நேரத்தில் கடிப்பதை நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் சாகும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவுக்கு எட்டாது, குஞ்சுப் புழு இலையில் இருக்கும்போதே அடிக்க வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவானவை: வெயில் சாய்ந்தபின், தேனீக்கள் கூடு திரும்பியபின் தெளியுங்கள். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தாலோ செடி வாடியிருந்தாலோ வேண்டாம். முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். முட்டையை இவை பெரும்பாலும் அழிப்பதில்லை, அதனால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தேவைப்படும். கந்தகம் அடித்திருந்தால் இரண்டு வாரம் எண்ணெய் பக்கம் போகாதீர்கள், இலை கருகும். "இயற்கை" என்று எழுதியிருந்தாலும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

11. லேபிளும் குறிப்பேடும்

புட்டியை வாங்கும் முன் ஐந்து விஷயம் பாருங்கள்: செயல்படும் பொருள் என்ன, எவ்வளவு அடர்த்தி, எந்தப் பயிருக்கு எவ்வளவு, கடைசியாகத் தெளித்ததற்கும் பறிப்பதற்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும், காலாவதித் தேதி. வேம்புத் தயாரிப்புகளில் அசாடிராக்டினின் அடர்த்தி 300 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) முதல் 10,000 பி.பி.எம். வரை உண்டு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் ஒன்று பயனே இருக்காது, இல்லையென்றால் இலை கருகிவிடும். பி.பி.எம். எண்ணே இல்லாத புட்டி அழகுப் பொருளாகவோ விளக்கேற்றும் எண்ணெயாகவோ விற்கப்படுவதாக இருக்கலாம். என் அளவு எளிய வேப்பெண்ணெய்க்கு மட்டும், அடர்த்தி குறிப்பிட்ட தயாரிப்புக்கு லேபிள் சொல்வதே அளவு.

ஒரு நோட்டில் தேதி, எந்தச் செடி, என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்றாவது தெளிப்பு எப்போது என்பது நினைவில் நிற்காது, தவறவிட்டால் முதல் இரண்டும் வீண்.

12. பிடுங்க வேண்டிய செடி

நுனி முழுக்கச் சிறுத்துச் சுருண்டு, பூவெல்லாம் உதிர்ந்த வைரஸ் செடிக்கு மருந்து கிடையாது. முதலில் சோப்புக் கரைசல் அடித்து அதிலுள்ள வெள்ளை ஈயை மடக்குங்கள், பிறகு ஒரு பையால் மூடிப் பிடுங்கி அகற்றுங்கள். அப்படியே உலுக்கிப் பிடுங்கினால் வெள்ளை ஈக்கள் பறந்துபோய்ப் பக்கத்துச் செடியில் அமரும். பிடுங்கியதை உரக்குழியில் போட வேண்டாம்.

பருவம் முடிந்ததும் பழைய கயிறுகளை அறுத்துத் தூக்கிப்போடுங்கள், அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். கோல்களின் மண்ணைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி வெயிலில் காயவைத்துவிட்டு நிழலில் படுக்க வையுங்கள். அடுத்த முறை தக்காளியை வேறு இடத்தில் நடுங்கள். மிளகாயும் கத்தரியும் உருளையும் அதே குடும்பம், அவற்றையும் அங்கே வைக்க வேண்டாம்.